தெர்ஸா லஸ்கமின் சுண்டுவிரல்

தெர்ஸா லஸ்கம் பேசாமல் இருப்பது நாளில் ஒரு வேளைதான். கணவாய் மீனின் உடலைத் திறந்து நரம்பை வெளியே எடுக்கும்போது அவள் வாய் திறக்க மாட்டாள். மற்ற நேரமெல்லாம் இங்கிலாந்தின் பிளிமத்தில் எங்கள் கடல் ஆய்வகத்தின் கீழ்த்தளம் முழுக்க அவள் குரல்தான். ஐஸ் கொண்டுவருகிறவனோடு சண்டை, பாத்திரம் கழுவுகிறவளோடு சிரிப்பு, கேம்பிரிட்ஜிலிருந்து கோடைக்கு வந்து போகும் படிப்பாளிகளோடு வாக்குவாதம். ஆள் யாரானாலும் அவள் குரல் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை.

நான் அங்கே பட்டறையில் இருந்தேன். பெயர் வில்ஃப்ரட் ஹன்னாஃபோர்ட். போர்க்காலத்தில் கடற்படையில் ரேடார் பழுது பார்த்தவன். போர் முடிந்ததும் அதே ரேடார் பெட்டிகள் மூட்டை மூட்டையாகக் கழித்துப் போடப்பட்டன. அவற்றைப் பிரித்து ஆய்வகத்துக்கு வேண்டிய கருவிகளைச் செய்துகொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

தெர்ஸா பிறந்தது பார்பிகன் துறைமுகத்தை ஒட்டிய சந்தில். பள்ளிக்கூடம் விட்ட வயதில் மீன் கொட்டகைக்குக் குடல் எடுக்கப் போனாள். நகரத்தின் மேல் குண்டு விழுந்த வருடங்களில் பாராசூட் தைத்தாள். பிறகு அவள் கணவன் ஜோரிக்கு ஆய்வகத்தின் படகில் வேலை கிடைத்தது. ஒரு நாள் அவனோடு சேர்ந்து கணவாய்த் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள், அங்கேயே நின்று டாக்டர் ஹாவர்கில் செய்வதை வேடிக்கை பார்த்தாள். அவர் என்ன செய்கிறார் என்று கேட்டாள். தனக்கும் கற்றுக்கொடுக்கச் சொன்னாள். ஹாவர்கில் நெட்டையான மனிதர். இரண்டு காலுக்கும் ஒரே நிறத்தில் காலுறை போட்டு நான் அவரைப் பார்த்ததில்லை. நரம்புக்குள் மின்சாரம் எப்படிப் பிறக்கிறது, எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடிக்க அந்த வருடங்களில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்துபோன சிலரில் அவரும் ஒருவர். கணவாய் செத்துச் சில மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். கருவிகளையும் பார்த்துக்கொண்டு கத்தியையும் பிடிக்க ஒரே ஆளால் முடியாது. ஆகவே அவளைச் சேர்த்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக் கற்றுக்கொடுத்தார்.

முதல் மாதம் அவள் கெடுத்த நரம்புகளுக்குக் கணக்கில்லை. அதை அவளே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவாள். இரண்டாவது கோடையில் அவள் எடுத்துக்கொடுத்த நரம்புகள் நாள் முழுக்க உயிரோடு இருந்தன.

நம் உடம்பில் நரம்பு என்று சொல்வது ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்த ஒரு கயிறு. ஒவ்வோர் இழையும் தலைமுடியைவிட மிக மெல்லியது. அதற்குள் எதையும் நுழைத்துப் பார்க்க முடியாது. கணவாய்க்கோ ஆபத்து வந்தால் உடம்பு முழுவதையும் ஒரே நொடியில் சுருக்கித் தண்ணீரைப் பீச்சியடித்துப் பின்னால் பாய வேண்டும். அதற்கென்று அதன் உடலில் குண்டூசியின் தடிமனில் ஒற்றை இழை ஓடுகிறது. அதை இரண்டு நுனியிலும் நூலால் கட்டி, சுற்றியிருக்கும் சதையையும் சின்ன இழைகளையும் ஒவ்வொன்றாக வெட்டி நீக்கி, கடல் தண்ணீரில் கிடத்த வேண்டும். கத்தரியின் நுனி பட்டால் அந்த இடத்தில் பால் போல ஒரு வெள்ளைப் புள்ளி விழும். அதோடு அந்த நரம்பு தீர்ந்தது. சுத்தமாக வந்துவிட்டால் ஹாவர்கில் அதன் உள்ளே முடியளவு கண்ணாடிக் குழாயைச் செலுத்துவார். நரம்பின் ஒரு முனையைத் தூண்டியதும், என் கருவியின் திரையில் பச்சைக் கோடு ஒரு முறை மேலே எகிறி, கீழே இறங்கி, பழைய இடத்துக்கு வந்து நிற்கும். எகிறி அடங்குவதற்குள் கண் இமைக்கக்கூட நேரமிருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஜோரி இதைப் பற்றிக் கேட்டான். நாலு வருடமாகக் கணவாய் பிடித்துக் கொடுக்கிறவன், அதை வைத்து உள்ளே என்ன செய்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் கேட்கிறான். அவன் அப்படிப்பட்ட ஆள். அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, உள்ளே பேட்டரியா இருக்கிறது என்றான்.

"உப்புதான் ராசா" என்றாள் தெர்ஸா. "நரம்புக்கு வெளிய கடல் உப்பு, சோடியம். உள்ள வேற உப்பு, பொட்டாசியம். நடுவுல ஒரு தோலு. சும்மா இருக்கும்போது உள்பக்கம் கொஞ்சம் மைனஸ். ஒரு இடத்துல தட்டி விட்டேன்னு வை, அந்த எடத்துத் தோல்ல கதவு தெறக்குது. வெளிய நிக்கற சோடியம் திபுதிபுன்னு உள்ள பூருது. மைனஸ் ப்ளஸ்ஸாயிடுது. அது பக்கத்துக் கதவைத் தெறந்து விடுது, அது அதுக்குப் பக்கத்துக் கதவை. இப்படியே கடைசி வரைக்கும்."

"உள்ள வந்த உப்பு?"

"சோடியம் கதவு உடனே சாத்திக்கும். பொட்டாசியம் கொஞ்சம் வெளிய போயி பழைய மைனஸைக் கொண்டாந்துடும். அப்புறம் வந்த உப்பை நிதானமா வெளிய இறைச்சுக்கும், உன் படகுல நீ தண்ணி இறைக்கற மாதிரி."

ஜோரி டீக் கோப்பையை விரலால் தட்டிப் பார்த்தான். மெதுவாகத் தட்டினால் சின்னதாக ஒரு துடிப்பு வருமா என்று கேட்டான்.

"வராது. வந்தா முழுசா வரும், இல்லேன்னா வரவே வராது. பாதி வார்த்தையை முழுங்கறதெல்லாம் உன் வழக்கம். நரம்புக்கு அது தெரியாது."

அந்த வருடம், 1949, நவம்பரில் கணவாய்க்காலம் முடியும் சமயத்தில் அது நடந்தது. அவர்கள் வீட்டு ஜன்னல், கயிற்றில் ஏறி இறங்கும் பழைய வகை. குண்டு விழுந்த நாட்களிலேயே சட்டம் ஆடிப்போயிருந்தது. ஒரு காலையில் தெர்ஸா அதைத் தூக்கித் துடைத்துக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்தது. விழுந்த சட்டத்தைப் பிடிக்க வலது கையை நீட்டினாள். கண்ணாடி உடைந்து முன்னங்கையின் உட்புறம், சுண்டுவிரல் பக்கமாக, பாதி வழியில் ஆழமாக இறங்கியது.

ஜோரி துண்டை இறுகக் கட்டி, பால் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியிலேயே அவள் தன் விரல்களைச் சோதித்துப் பார்த்துவிட்டாள். கட்டை விரல் அசைந்தது, ஆள்காட்டி விரல் அசைந்தது. சுண்டுவிரலைப் பக்கவாட்டில் விரிக்கச் சொன்னால் கேட்கவில்லை. நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். இன்னொருத்தி விரலைக் கிள்ளுவது போல இருந்தது என்று பிறகு சொன்னாள்.

அன்று பணியில் இருந்த அறுவை மருத்துவர் பெங்கெல்லி, ஐம்பதை நெருங்கியவர், குறைவாகப் பேசுகிறவர். போரில் காயப்பட்டு வந்த சிப்பாய்களின் கைகளையும் கால்களையும் வருடக்கணக்கில் பார்த்தவர். ரத்தக்குழாயை விடுங்கள், உள்ளே நரம்பு அறுந்திருக்கிறது, அதைப் பாருங்கள் என்று படுத்தபடியே தெர்ஸா அவருக்கு உத்தரவு போட்டாள்.

"பாத்துட்டேம்மா" என்றார் அவர். "ரெண்டையும் தைக்கறேன். நீ கொஞ்சம் தூங்கு."

தைத்தார். ஆனால் நரம்பைத் தைப்பது கம்பியை முறுக்கி இணைப்பது போன்றதல்ல. ஒவ்வோர் இழைக்கும் உயிர் முதுகெலும்புப் பக்கம் இருக்கும் அதன் செல்லில்தான் இருக்கிறது. வெட்டுக்குக் கீழே மணிக்கட்டைத் தாண்டிப் போன பகுதி அந்தச் செல்லிடமிருந்து பிரிந்துவிட்டதால் சில நாட்களில் செத்துப்போகும். அது ஓடிய குழல் மட்டும் மிஞ்சும். மேலேயிருந்து புது இழை முளைத்து, தையலைத் தாண்டி, அந்தக் காலிக் குழலுக்குள் நுழைந்து, கை வரைக்கும் தானாக வளர்ந்து வர வேண்டும். மாதத்துக்கு ஓர் அங்குலம் வளர்ந்தால் நல்ல வளர்ச்சி. அதுவரை மூளை என்ன சொன்னாலும் அந்த விரலுக்குக் கேட்காது. பெங்கெல்லி இதையெல்லாம் சொன்னபோது, சரி, எட்டு அங்குலம், எட்டு மாதம் என்று தெர்ஸா அப்போதே தீர்மானித்துவிட்டாள்.

டிசம்பரில் வேலைக்குத் திரும்பினாள். சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்ளே மடங்கிக் கொக்கி போல இருந்தன. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்த சதை வற்றிக் குழி விழுந்தது. கண்ணாடிப் பாத்திரங்களை இடது கையால் கழுவினாள், காலியான கணவாய்த் தொட்டிகளைத் தேய்த்து வைத்தாள். ஒரு நாள் அடுப்பின் மேல் சுண்டுவிரல் பட்டுக் கருகியதை வாசனை வந்த பிறகுதான் கவனித்தாள். அதையும் ஒரு கதையாக்கி டீ அறையில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. இடது கை விரலால் தையல் தழும்பிலிருந்து கீழ்நோக்கித் தட்டிக்கொண்டே வருவாள். வளர்ந்து வரும் இழையின் நுனி எங்கே இருக்கிறதோ, அங்கே தட்டும்போது சுண்டுவிரலில் சுரீரென்று ஊசி குத்தும். பெங்கெல்லி சொல்லிக்கொடுத்த சோதனை அது. ஜனவரியில் தழும்புக்குச் சற்றுக் கீழே சுரீரென்றது. பிப்ரவரியில் இன்னும் கீழே. போகிற வருகிறவர்களிடமெல்லாம் கையை நீட்டி, இன்றைக்கு இதுவரை வந்தாயிற்று என்று காட்டினாள். ஜோரி படகிலிருந்து வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பான்.

மார்ச்சில் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்தது. அங்கேயே நின்றது.

ஏப்ரலிலும் அங்கேதான். மே மாதமும் அங்கேயேதான் இருந்தது. தெர்ஸா கையை நீட்டிக் காட்டுவதை நிறுத்தினாள். ஒரு மதியம் டீக் கோப்பை அவள் பிடியிலிருந்து நழுவி உடைந்தது. துண்டுகளைப் பொறுக்காமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பொறுக்கிப் போட்டுவிட்டு இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடிக்கும் வரை அவள் ஒன்றும் பேசவில்லை. அவளை நான் அப்படிப் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

ஜூனில் பெங்கெல்லி, வளர்ச்சி மணிக்கட்டில் நின்றுவிட்டது என்று தன் முடிவைச் சொன்னார். புது இழைகள் தழும்பில் சிக்கிப் பெரும்பாலும் வழி தவறியிருக்கலாம். மறுபடி திறந்து, தழும்பை வெட்டி எடுத்துவிட்டு, புதிதாகத் தைக்க வேண்டும். தெர்ஸா கேட்டாள்: திறந்தால் இதுவரை வளர்ந்தது என்ன ஆகும்? எல்லாம் போகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். காத்திருந்தால்? காத்திருப்பதும் ஆபத்துதான். நரம்பில்லாத தசை ரொம்ப நாள் தாங்காது. நரம்பு வந்து சேரும்போது எழுப்புவதற்குத் தசை இருக்காது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அவள் இடத்தில் நானாக இருந்தால், அவர் சொன்னதற்குத் தலையாட்டியிருப்பேன்.

"டாக்டர், அது வந்துட்டு இருக்கு" என்றாள் அவள். "எனக்குத் தெரியுது."

"உனக்குத் தெரியறதை வெச்சு நான் கத்தியைக் கீழ வைக்க முடியாதும்மா. போர்க்காலத்துல எங்ககிட்ட ஒரு கருவி இருந்துச்சு. தசைக்குள்ள ஊசி விட்டு, அதுல கரண்ட் வருதான்னு கேப்போம். விரல் அசையறதுக்குச் சில வாரம் முன்னாடியே அது சொல்லிடும். இங்க அது இல்ல. ஆக்ஸ்ஃபோர்டுக்கு எழுதிக் கேட்டா நாளாகும்."

"எங்ககிட்ட இருக்கே. கணவாய்க்குன்னு வெச்சிருக்கோம், ஆனா கணவாய் ஒண்ணும் கோச்சுக்காது."

பெங்கெல்லி சிரித்தாராம். அவர் சிரித்ததை அந்த வார்டில் இருந்த செவிலி ஒருத்தி ஊரெல்லாம் சொன்னாள்.

ஜூலை முதல் வாரத்தில் ஹாவர்கில் கேம்பிரிட்ஜிலிருந்து வந்து இறங்கினார். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் தெர்ஸா விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர் தன் வேலையை இரண்டு நாள் தள்ளிவைத்தார். பெங்கெல்லி ஒரு சனிக்கிழமை மதியம் ஊசியோடு வருவதாக ஒப்புக்கொண்டார்.

கருவியைத் தயார் செய்ய வேண்டியது நான். தசையில் பிறக்கும் மின்சாரம் மிகச் சின்னது. அதைப் பல ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டும். அப்படிப் பெருக்கும்போது கட்டடத்தில் ஓடும் மின்சாரத்தின் ரீங்காரமும் சேர்ந்து பெருகிவிடும். கோழிக் கூண்டுக்குப் போடும் கம்பி வலையால் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கூண்டு செய்து பூமிக்குள் கம்பி இறக்கினேன். அப்போதும் ஒலிபெருக்கியில் ஒரு ரீங்காரம். அறை அறையாகப் போய் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்ததில், டீ அறையின் மின்சாரக் கெட்டில்தான் காரணம் என்று தெரிந்தது. ஹாவர்கில் அங்கே டீ போட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை தெர்ஸா நல்ல உடுப்பு உடுத்தி வந்தாள். கூண்டுக்குள் உட்கார்ந்து, தனக்குக் கொஞ்சம் தானியம் தூவச் சொன்னாள். ஜோரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலோரம் நின்றான். பெங்கெல்லி உள்ளங்கையின் வெளியோரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் சதையைத் துடைத்து, ஊசியை இறக்கினார். நான் ஒலியைக் கூட்டினேன்.

டிக், டிக், டிக் என்று கேட்டது. சீரான, மெல்லிய சத்தம். பச்சைக் கோட்டில் சின்னச் சின்ன முட்கள் வரிசையாகப் போயின.

வந்துவிட்டது என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஜோரி ஓரடி முன்னால் வந்தான். ஆனால் ஹாவர்கிலும் பெங்கெல்லியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெங்கெல்லி மெதுவாகச் சொன்னார், அது நரம்பு அனுப்புவதல்ல என்று. நரம்பை இழந்த தசை இழைகள் கொஞ்ச நாளில் யாரும் சொல்லாமலே தாமாகத் துடிக்க ஆரம்பிக்கும். இந்தச் சத்தம் கேட்டால், தசை இன்னும் உயிரோடிருக்கிறது என்றும் அதற்கு நரம்பு இல்லை என்றும் அர்த்தம்.

எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தெர்ஸா மட்டும் அசையவில்லை. தசை சாகவில்லை என்பது நல்ல செய்திதானே என்றாள். ஆமாம் என்றார் பெங்கெல்லி. சுண்டுவிரலை வெளிப்பக்கம் விரிக்கச் சொன்னார். அவள் முகம் சிவக்க முயன்றாள். விரல் அப்படியே கிடந்தது. டிக் டிக் மாறவில்லை. ஊசியை வெளியே எடுத்துச் சற்றுத் தள்ளி இறக்கினார். அங்கேயும் அதே சத்தம். மூன்றாவது இடத்திலும் அதுதான். பெங்கெல்லி மணியைப் பார்த்தார்.

"இன்னும் மேல வைங்க டாக்டர்" என்றாள் தெர்ஸா. "மணிக்கட்டுப் பக்கமா. நரம்பு அங்கேருந்துதானே உள்ள வருது. முன்னாடி இருக்கற வீட்டைத்தானே முதல்ல தட்டும்?"

ஹாவர்கில் தலையசைத்தார். பெங்கெல்லி சதை தொடங்குமிடத்தில் மணிக்கட்டை ஒட்டி ஊசியை இறக்கினார். டிக் டிக். விரிக்கச் சொன்னார்.

ஒலிபெருக்கியில் கரகரவென்று ஒரு தட்டல் கேட்டது. கனமாக, ஒழுங்கில்லாமல். திரையில் ஒரு கரடுமுரடான மேடு எழுந்து, இடைவெளி விட்டு மறுபடி எழுந்தது. அவள் மூச்சை விட்டுக் கையைத் தளர்த்தினாள். நின்றுவிட்டது, டிக் டிக் மட்டும் மிஞ்சியது.

இன்னொரு தடவை, என்றார் பெங்கெல்லி. அவள் முயன்றாள்; தட்டல் வந்தது. போதும் என்றார், நின்றது. இப்போது. வந்தது. நிறுத்து. நின்றது. அதற்குப் பிறகு அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெர்ஸாவே நினைத்தபோது தட்டி, நினைத்தபோது நிறுத்தினாள். விரலோ கொஞ்சமும் அசையவில்லை. ஏதோ ஓரிரண்டு இழைகள் மட்டும் தசைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன, விரலை இழுக்க அந்த பலம் போதாது; ஆனால் மூளையிலிருந்து அந்த இடம் வரை வழி முழுதாகத் திறந்துவிட்டது என்றார் ஹாவர்கில்.

"மணிக்கட்டுல நின்னுடுச்சுன்னு சொன்னீங்களே" என்றாள் தெர்ஸா.

"கொஞ்சம் பேரு நின்னிருக்காங்க, கொஞ்சம் பேரு வந்திருக்காங்க" என்றார் பெங்கெல்லி ஊசியை எடுத்தபடி. "நான் திறக்கப் போறதில்லம்மா. அது வளரட்டும்."

ஜோரி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்துப் பழைய கோட்டையின் சுவரோரம் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். பிறகு திரும்பி வந்து, எல்லோருக்கும் காகிதப் பையில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்த பேஸ்ட்டி வாங்கி வந்திருப்பதாகச் சொன்னான்.

செப்டம்பரில் சுண்டுவிரல் அசைந்தது. ஓர் அரிசி அகலம் இருக்கும். கிறிஸ்துமஸுக்குள் மோதிர விரலோடு சேர்த்து விரிக்க முடிந்தது. எல்லாம் பழையபடி வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வழி தவறிய இழைகள் வேறு வீட்டுக்குள் புகுந்துவிட்டன. சுண்டுவிரல் நுனியைத் தொட்டால் மோதிர விரலைத் தொட்டதாக அவளுக்குத் தோன்றும். கிழக்குக் காற்று அடிக்கும் நாட்களில் கை விறைத்து வலிக்கும். நரம்பு எடுக்கும்போது கையை ஊன்றிக்கொள்வது சுண்டுவிரல் ஓரத்தில்தான். அங்கே உணர்வு சரியில்லாததால் ஒரு தக்கையைச் செதுக்கி அதன் மேல் கையை வைத்துப் பழகினாள். அடுத்த கோடையில் முதல் வாரம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள்தான். இரண்டாவது வாரம் சுத்தமான ஒரு நரம்பை எடுத்துக் கிடத்திவிட்டு, ஹாவர்கிலைப் பார்த்து, என்ன நிற்கிறீர்கள், குழாயை விடுங்கள் என்று அதட்டினாள்.

அதற்கு அடுத்த வருடம் பெங்கெல்லி ஆய்வகத்துக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் நரம்புச் சோதனைக்கு ஓர் அறை ஒதுக்கியிருப்பதாகவும், கருவியை நான் செய்துதர வேண்டும் என்றும் கேட்டார். அதை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்கு முன்பே, எப்போது வர வேண்டும் என்று உள்ளேயிருந்து தெர்ஸாவின் குரல் வந்தது.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அவள் அந்த அறையில் இருந்தாள். கப்பல் கட்டும் தளத்தில் கை நசுங்கியவர்கள், பால் பாட்டிலில் கை கிழித்துக்கொண்ட பெண்கள், காரணம் தெரியாமல் கால் மரத்துப்போனவர்கள். ஊசியை மருத்துவர் இறக்குவார். கருவியும் நோயாளியும் அவள் பொறுப்பு. பின்னாளில் முழங்கையில் ஒரு சின்ன அதிர்ச்சி கொடுத்து, அது விரலுக்கு வந்து சேரும் நேரத்தை அளந்து வேகத்தைக் கணக்கிடவும் தொடங்கினார்கள். பயந்து வருகிறவர்களிடம், உங்கள் கைக்குள் ஓடுவது லண்டன் எக்ஸ்பிரஸைவிட வேகமானது என்பாள். கணவாயின் நரம்பு அவ்வளவு தடித்திருந்தும் அந்த வேகத்தில் பாதிகூட வராது. நமக்கு ஒவ்வோர் இழைக்கும் மேலே கொழுப்புறை சுற்றியிருக்கிறது, துடிப்பு உறையின் இடைவெளிக்கு இடைவெளி தாவிப் போகிறது, அதனால்தான் இந்த மெல்லிய இழையை வைத்துக்கொண்டு பிழைக்கிறோம் என்று விளக்குவாள். கேட்டவர்களில் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. ஆனால் அவள் பேசி முடிக்கும்போது சோதனையும் முடிந்திருக்கும்.

நல்ல செய்தி இல்லாத நாட்களும் உண்டு. டாய்ட்ஜ் என்ற வெல்டர் ஒருவர் தோளில் இரும்பு விழுந்து வந்தார். எத்தனை இடத்தில் ஊசி வைத்தும் மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளில் டிக் டிக் தவிர எதுவுமில்லை, காலமும் கடந்துவிட்டது. மருத்துவர் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு வெளியே போனார். அந்த மனிதர் தெர்ஸாவைப் பார்த்து, வரும்தானே என்று கேட்டார். அன்று நான் கருவியைப் பழுது பார்க்க அங்கே போயிருந்தேன்.

"இந்த வழியா வராது" என்றாள் அவள். "உங்ககிட்ட பொய் சொன்னா நீங்க இன்னும் ஒரு வருஷம் இந்தக் கையைப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. முன்னங்கையில உள்ளங்கைப் பக்கம் இருக்கற தசைக்கு நரம்பு நல்லா இருக்கு, நீங்களே சத்தம் கேட்டீங்க. அதோட தசைநாரை எடுத்து இந்தப் பக்கம் மாத்திக் கட்டுவாங்க. நான் இப்பவே போயி நாள் கேட்டுட்டு வர்றேன். நீங்க சட்டையைப் போடுங்க."

அவர் கோபத்தோடு எழுந்து போனார். ஆனால் அவள் கேட்டு வந்த நாளில் அறுவைக்கு வந்தார். அடுத்த வசந்தத்தில் கப்பல் தளத்தில் கிரேன் ஓட்டும் வேலைக்கு மாறினார். ஒரு பெரிய நண்டை உயிரோடு வாளியில் கொண்டுவந்து அவள் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். நண்டின் நரம்பையும் ஒரு காலத்தில் ஆராய்ந்ததாகவும், இது மட்டும் ஆய்வுக்குப் போகாமல் பானைக்குள்தான் போகும் என்றும் அவள் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு வரச் சொன்னாள்.

போனேன். ஜோரி நண்டை உடைத்துக் கொடுத்தான். தெர்ஸா ஓட்டுக்குள்ளிருந்து சதையை ஊசியால் உருவி எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது மட்டும் பேசவில்லை.